வெளியே பார்த்த ஷூ

"ஷூ எங்கடி?" என்று மறுபடியும் கேட்டாள் அம்மா. அலமாரியின் அடித்தட்டுக்குள் தலையை விட்டிருந்ததால் குரல் அமுங்கி வந்தது.

கட்டிலின் மேல் மற்றதெல்லாம் தயாராக இருந்தது. வெள்ளைச் சட்டை, கல்யாணம் ஞானஸ்நானம் என்றால் மட்டும் வெளியே வரும் கருநீலக் கோட்டு, டை, புது சாக்ஸ், மணி தேய்ந்த ஜெபமாலை. அடக்கச் சடங்கு நிறுவனத்திலிருந்து வந்திருந்த வேய்ன் ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். மணி பத்து. அப்பா செத்து இருபது மணி நேரம் ஆகியிருந்தது.

"ஆன்ட்டி, ஷூ இல்லேன்னாலும் பரவால்ல லா. நிறைய பேர் சாக்ஸ் மட்டும்தான் போடுறாங்க. பெட்டில கால் பக்கம் மூடிதான் இருக்கும், யாருக்கும் தெரியாது," என்றார் வேய்ன், சிங்கப்பூர்ப் பேச்சு வாடையோடு.

"எனக்குத் தெரியும்ல?" அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "முப்பத்தாறு வருஷம் துவாஸ் ஷிப்யார்டுல நின்ன காலு தம்பி அது. குப்பை கொட்டப் போனாக்கூட வெறுங்காலோட போக மாட்டார். கடைசி நாள் மட்டும் போவாரா?"

வேய்ன் டையை மடித்துப் பையில் வைத்தார். இந்த மாதிரி எத்தனை அம்மாக்களைப் பார்த்திருப்பாரோ.

ஆனி அறைவாசலில் நின்றாள். ஷூ எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். நேற்று மத்தியானத்திலிருந்தே தெரியும். தெரியாத மாதிரி நிற்பதிலும் அவளுக்குக் கொஞ்ச நாளாக நல்ல பழக்கம் வந்திருந்தது.

"கேலரில இருக்கும்மா," என்றாள் கடைசியில். "நான் போய் எடுத்துட்டு வரேன்."

அம்மாவின் முகம், அழுது வீங்கிப் போயிருந்த அந்த முகம், சட்டென்று மலர்ந்தது. "ஆமால்ல! அங்கதானே கழட்டி வச்சிருப்பார்!" வேய்ன் பக்கம் திரும்பினாள். "இவ ஆர்ட்டிஸ்ட் தம்பி. நாங்க முன்னாடி பிடோக்ல இருந்தோம், அந்த அடுக்குமாடி புளோக்கை இடிச்சுட்டாங்க. அந்த வீட்டை அப்படியே, அதே சைஸுல, துணியில கட்டியிருக்கா. லிட்டில் இந்தியால. உள்ள நடந்து போலாம். முதல் நாள் விழாவுக்கு எனக்குத்தான் போகக் குடுத்து வைக்கல, முட்டி ஆபரேஷன். இவர் போனார். போயிட்டு வந்து ஒரு வாரம் அதே பேச்சு. வந்த பெரிய ஆளுங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் இவர கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய், இவர்தான் எங்க அப்பா, இவர்தான் எங்க அப்பான்னு சொன்னாளாம்."

"நைஸ் லா," என்றார் வேய்ன், ஆனியைப் பார்த்து.

"இன்னைக்கு ஜெபம் முடிஞ்சதும் நீ அதைச் சொல்லணும் ஆனி. ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன், ஆனி ரெண்டு வார்த்தை பேசுவான்னு."

ஆனிக்குக் காது மடல் வரை சுட்டது. "சரிம்மா," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது லிஃப்டுக்குக் காத்திருக்கக்கூட முடியாமல் படியில் இறங்கினாள்.

பொங்கோலிலிருந்து லிட்டில் இந்தியாவுக்குப் பத்து நிறுத்தம். உட்கார இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே போனாள்.

வீட்டைக் கட்டியது அவள், அளந்து கொடுத்தது அப்பா. பிடோக் புளோக் போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. சுவர் எங்கே, ஜன்னல் எங்கே என்று பழைய வரைபடத்தில் கிடைத்தது. ஃப்ரிட்ஜ் எங்கே நின்றது, மாதா படத்துக்கு எவ்வளவு கீழே சுவிட்சு, கதவைத் திறந்தால் எதில் போய் இடிக்கும், இதெல்லாம் எந்த வரைபடத்தில் இருக்கும்? அப்பாவின் தலைக்குள் இருந்தது. ஷிப்யார்டு டேப்பை எடுத்துக்கொண்டு இந்தப் புது வீட்டு ஹாலில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடி மூடித் திறந்து சொன்னார். "ஃப்ரிட்ஜுக்கும் சுவத்துக்கும் நடுவுல நாலு விரல் இடம் ம்மா. உன் ரப்பர் அதுக்குள்ள விழுந்து நீ அழுதே. ஓட்டடைக் குச்சி விட்டு நான்தானே எடுத்தேன்." அவள் நாலு விரல் இடம் விட்டாள். வெள்ளை மல் துணியில் சுவர், துணியில் இரும்புக் கேட்டு, துணியில் குழாய். எட்டு மாசம் தைத்தது. பார்க்க வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி: வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டும். சிங்கப்பூரில் யார் வீட்டுக்குப் போனாலும் செய்வதுதான்.

அந்த வேலைக்கு நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் 'என் தந்தை' என்று பதினோரு தடவை எழுதியிருந்தாள். 'என் தந்தையின் உடல் சுமக்கும் வீடு' என்றெல்லாம்.

விழா அன்று சாயங்காலம் அந்த உடல் கருநீலக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தது. துணிக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றது. கருப்பு ஷூவைக் கழற்றி, கதவுக்கு இடது பக்கம், முனை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தது. பிடோக் வீட்டிலும் அதேதான். ஷிஃப்டுக்குக் கூப்பிட்டால் அப்படியே காலை விட்டுக்கொண்டு ஓட வசதியாக. உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், வாசலில் ஐம்பது அறுபது ஜோடி தாறுமாறாகக் கிடப்பதைப் பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. குந்தி உட்கார்ந்து ஜோடி சேர்க்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார், பெரிய சேகரிப்பாளர். ஆனியின் படைப்பை வாங்குவாரோ என்று மூன்று மாசமாகப் பேச்சு. கழற்றிய ஷூவைக் கீழே வைக்காமல், குந்தியிருந்த அப்பாவின் கைக்கு நேராக நீட்டினார். ஆனியிடம், "பிரில்லியண்ட்! ஷூவுக்குன்னு ஒரு ஆளே போட்டிருக்கீங்களா?" என்று ஆங்கிலத்தில் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

ரெண்டே வார்த்தை. 'எங்க அப்பா.' விண்ணப்பத்தில் பதினோரு தடவை எழுதத் தெரிந்தவளுக்கு வாயில் ஒரு தடவை வரவில்லை. "யெஸ், யெஸ். அவர் பாத்துக்குவார்," என்றாள்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். முறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஷூவை இரண்டு கையாலும் வாங்கி, "பிக் சைஸ் சார். ஐ புட் சைட்," என்றார்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கேலரி திறந்தபோது அவர் வாசலில் நின்றிருக்கிறார். 'ஷூ பாத்துக்க நீங்க அனுப்பின அங்கிள் வந்துட்டார், தேங்க்ஸ் மிஸ்' என்று வரவேற்பு மேஜையிலிருக்கும் கண்மணி மெசேஜ் போட்டிருந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டாள். பத்தொன்பது நாள். ஒரு தடவை வீட்டில் கேட்டாள், "ஏன்ப்பா தினமும் போறீங்க, கால் வலிக்கப் போவுது." அவர் சொன்னார், "சும்மாதானே இருக்கேன். நம்ம வீட்டுக்கு நாலு பேர் வந்து போறதப் பாக்க நல்லாருக்கும்மா." அவர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

நேற்று மதியம் ஒன்று ஐந்துக்கு வந்தது அந்த மெசேஜ். எதிரே வெளிநாட்டு மியூசியத்திலிருந்து வந்த இரண்டு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். 'ஷூ அங்கிள் மயங்கி விழுந்துட்டார். ஆம்புலன்ஸ் வந்து கூட்டிட்டுப் போறாங்க. கேலரிய மூடவா?' அவள் 'எங்க அப்பா' என்று தட்டினாள். அழித்தாள். காலையில் சாப்பிட்டிருக்க மாட்டார், அதான் தலைசுற்றல், போகும்போது விசாரித்துக்கொள்ளலாம். எதிரே இருந்தவர்கள் கேலரிக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். 'வேண்டாம். திறந்தே இருக்கட்டும்' என்று அனுப்பினாள். நாற்பது நிமிஷம் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டதாக அம்மா போன் பண்ணினாள்.

லிட்டில் இந்தியாவில் இறங்கி, பூக்கடைத் தண்ணீர் நடைபாதையில் வழிந்துகொண்டிருந்த சந்துக்குள் திரும்பினாள். பழைய கடைவீட்டின் கீழ்த்தளம்தான் கேலரி. உள்ளே ஏசியில் துணி வீடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. தரையில் அப்பா மாஸ்கிங் டேப்பால் கட்டம் கட்டமாக ஒட்டியிருந்தார், ஒரு கட்டத்துக்கு ஒரு ஜோடி. கதவுக்கு இடது பக்கம் கட்டம் இல்லாத இடத்தில், வெளியே பார்த்தபடி, கருப்பு ஷூ. யாரும் மிதித்துவிடாமல் அதைச் சுற்றி யாரோ இரண்டு ஸ்டூலை அணைவாகப் போட்டிருந்தார்கள். ஓர் இளம் ஜோடி அதைக் குனிந்து படமெடுத்துக்கொண்டிருந்தது. "இந்த ஷூதான் பெஸ்ட் பார்ட்," என்றாள் அந்தப் பெண். "ஆள் இப்பதான் உள்ள போன மாதிரி இருக்குல்ல?"

கண்மணி மேஜையிலிருந்து எழுந்து வந்தாள். ஐம்பத்தெட்டு வயது, பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"மிஸ் ஆனி! அண்ணே எப்படி இருக்கார்? ஏதாச்சும் தெரிஞ்சுதா? எந்த ஆஸ்பத்திரின்னுகூட எனக்குத் தெரியல. காலைலேருந்து யார்கிட்ட கேக்குறதுன்னு முழிச்சிட்டிருக்கேன்."

ஆனி குனிந்து ஷூவை எடுக்கப் போனாள்.

"அதை எடுக்காதீங்க மிஸ். அண்ணேயோடது."

"எனக்கு வேணும்."

கண்மணி இரண்டு அடி முன்னால் வந்து ஷூவுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றாள். குரலில் மரியாதை இருந்தது, ஆனால் இடம் கொடுக்கவில்லை. "கோச்சுக்காதீங்க. எக்ஸிபிஷன்லயே வச்சுக்கலாம்னு பாக்குறீங்களோ என்னமோ, ஆளாளுக்குப் படம் எடுக்குறாங்க. அது தப்பு மிஸ். ஒரு மனுஷனோட பொருளு. அவர் வீட்டு ஆளுங்க வந்து கேட்டா என் கையால குடுப்பேன். பொண்ணு ஒண்ணு இருக்குன்னு சொல்லியிருக்கார்."

"என்ன சொன்னார்?"

"பெரிய வேலைல இருக்காம். வேலை ஜாஸ்தியாம். இல்லேன்னா தினமும் அதுவே சாப்பாடு எடுத்துட்டு வந்துரும், நான்தான் வேணாம்னுட்டேன்னு சொல்வார். அவருக்குப் பேச்சே அந்தப் பொண்ணப் பத்திதான். பேரு மட்டும் சொல்ல மாட்டார்."

ஆனி நிமிர்ந்தாள். படமெடுத்த ஜோடி இன்னும் அங்கேயே நின்றது.

"நான்தான் அந்தப் பொண்ணு."

கண்மணிக்குப் புரியவில்லை. சிரிக்க வந்த மாதிரி வாய் திறந்து, அப்படியே நின்றது. "என்ன மிஸ்?"

"அவர் எங்க அப்பா."

கண்மணியின் கை தானாகப் போனை எடுத்தது. திட்டுவதற்காக எடுக்கவில்லை, சரிபார்க்க எடுத்தாள், பாவம். கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு நேற்றைய மெசேஜைப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு ஆனிக்கே அவள் ஒரு வழி தேடிக் கொடுத்தாள். "நான் பேரைப் போடல... ஷூ அங்கிள்னுதானே போட்டேன். யாரோன்னு நெனச்சிருப்பீங்க. உங்களுக்குத் தெரியாம இருந்திருக்கும்."

அந்த வழியில் போய்விடலாம். கதவு திறந்தே இருந்தது.

"தெரியும்," என்றாள் ஆனி. "நேத்தே போயிட்டார். ஒண்ணே முக்காலுக்கு. நாங்க யாரும் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே."

கண்மணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து நகைக்கடையில் யாரோ ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் ஷூவை எடுத்து மடியில் வைத்து, சால்வை நுனியால் தூசி தட்டினாள். வலது ஷூ, இடது ஷூ, குதிகால், நாக்கு என்று பொறுமையாகத் துடைத்தாள். ஆனி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா, தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதா என்று தெரியாமல் நின்றாள். இப்படிக் கூனிக் குறுகி அவள் வாழ்நாளில் நின்றதில்லை.

"பன்னெண்டு மணிக்கு எனக்கும் சேர்த்து டீ வாங்கிட்டு வருவார்," என்றாள் கண்மணி. "பத்தொம்பது நாள். இது என் பொண்ணு கட்டின வீடுன்னு ஒரு தடவைகூட சொல்லலையே மனுஷன்."

ஷூவைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். "எங்க வச்சிருக்கீங்க? நான் வரலாமா?"

ஆனி புளோக் நம்பரைச் சொன்னாள். அத்தோடு போயிருக்கலாம். போகவில்லை. "அக்கா, அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது," என்றாள். சொல்லி முடிக்கும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்," என்றாள் கண்மணி. இதுவரை மிஸ் என்று கூப்பிட்டவள் அம்மா என்றாள். அதில் அன்பு இருந்ததா, மரியாதை போய்விட்டதா என்று ஆனிக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பா பொங்கோல் புளோக்கின் கீழே, சுவரில்லாத திறந்த தளமான வாய்ட் டெக்குக்கு வந்து சேர்ந்தார். வெள்ளைத் துணி மறைப்பு, வட்ட மேஜைகள், கச்சான் கடலைத் தட்டுகள், பாக்கெட் பானங்கள். வேய்ன் கால் பக்க மூடியை அம்மாவுக்காக ஒரு தடவை திறந்து காட்டினார். கருப்பு ஷூ பளபளவென்று இருந்தது.

"இப்பதான் அவர் மாதிரி இருக்கார்," என்றாள் அம்மா. மூடி திரும்ப மூடிக்கொண்டது.

ஏழு மணிக்குள் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. சர்ச்சின் பங்கு ஜனங்கள், ஷிப்யார்டு நண்பர்கள், ஒன்பதாம் மாடிச் சீனக் குடும்பம். வந்தவர்களிடமெல்லாம் அம்மா அதையே சொன்னாள், கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய், இவர்தான் எங்க அப்பா. ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் வளர்ந்தது. ஒரு அமைச்சர்கூட வந்துவிட்டார் அதில். சொல்லும்போதெல்லாம் அம்மாவின் அழுகை நின்றது. அதனால் ஆனியால் குறுக்கே பேசவும் முடியவில்லை.

கண்மணி வந்தாள். கடைசி வரிசையில் உட்காரப் போனவளை அம்மா விடவில்லை. "நீங்க கேலரியா? முதல் நாள் இருந்தீங்களா? இவ சொன்னாள்ல, எல்லார்கிட்டயும்?"

ஆனி தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்காமல் திருகிக்கொண்டே நின்றாள்.

கண்மணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே ரொம்பப் பெருமையா இருந்தார்மா," என்றாள். அது பொய்யில்லை. ஆனியைத் திரும்பிப் பார்க்காமலே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

ஜெபமாலை முடிந்தது. ஃபாதர் மைக்கைக் காட்டினார். ஆனியின் கையில் மடித்த தாள் இருந்தது, ரயிலில் எழுதியது. வீடு, நினைவு, அளவு, உடல் என்று நல்ல நல்ல வார்த்தைகள். பிரித்தாள். எல்லாம் விண்ணப்பத்தில் எழுதியவைதான். திரும்ப மடித்தாள்.

"என் பேரு ஆனி," என்றாள். மைக் கீச்சிட்டது. வேய்ன் ஓடிவந்து சரிசெய்தார்.

எண்பது பேர் இருந்தார்கள். அம்மா முதல் வரிசையில் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, அடுத்த வரி தெரிந்தவள் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"இவர்..." பெட்டியைக் காட்டினாள். "இவர்தான் எங்க அப்பா."

ஷிப்யார்டு மேஜையிலிருந்து யாரோ கிழவர், கரகரத்த குரலில், பாசமாகவே சொன்னார். "தெரியும்மா. எங்க எல்லாருக்கும் தெரியும்." நாலைந்து பேர் அழுகையினூடே சிரித்தார்கள்.

"இவர்தான் எங்க அப்பா," என்றாள் மறுபடியும். "பேரு ஜார்ஜ். நான் கட்டின வீட்டை அளந்தவர் இவர்தான். அன்னைக்கு விழாவுல ஒருத்தர் கேட்டார்... நான்..." அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கண் மினுமினுத்தது. கடைசி வரிசையில் கண்மணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவர்தான் எங்க அப்பா," என்று மூன்றாம் தடவையும் சொன்னாள். மைக்கை வைத்துவிட்டாள்.

அம்மா பக்கத்து நாற்காலிக்காரியின் தோளில் தட்டினாள். "பாத்தீங்களா? இதே மாதிரிதான். அங்கயும் இதே மாதிரிதான் சொன்னாளாம்."

எல்லோரும் வரிசையாகப் பெட்டியருகே வந்தார்கள். கண்மணியின் முறை வந்தது. பெட்டியைச் சுற்றி விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தின் ஓரத்தில் நின்று, வேறு யாரும் செய்யாததை அவள் செய்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அண்ணேயிடம் போனாள். ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தது.

ஆனி குந்தி உட்கார்ந்து அதை எடுத்தாள்.

"விடு ஆனி, எழுந்திரு," என்றாள் அம்மா. "ஆள் போட்டிருக்காங்கல்ல, அவங்க பாத்துக்குவாங்க."

ஆனி எழுந்திருக்கவில்லை. இடது செருப்பின் வார் பிய்ந்து ஊக்கு குத்தியிருந்தது. தூசியைக் கையாலேயே துடைத்து, இரண்டையும் ஜோடி சேர்த்து, முனை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தாள்.